வரவேற்பறைப் பெட்டியும் வணிகரின் வாக்கும்



டிவியின் பின்பக்கம் செருகிப் படம் பார்க்கும் சின்னஞ்சிறு பெட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பொருளுக்கு நம் இதழில் இவ்வளவு இடமா என்று சிலர் கேட்கலாம். பொருள் சின்னதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதை நாம் எப்படி வாங்கி எப்படி விற்கிறோம் என்பதில் காரைக்கால் கடைகளின் நல்ல பெயர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆகவே டிவி, செல்போன் கடை வைத்திருப்பவர்களோடு மற்றத் துறை அன்பர்களும் இதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

ஆண்ட்ராய்டு பாக்ஸ், டிவி பாக்ஸ், ஸ்டிக், மீடியா பிளேயர் என்று இதற்குப் பல பெயர்கள். வேலை ஒன்றுதான். வீட்டு வைஃபை வழியாகவோ கேபிள் வழியாகவோ இணையத்திலுள்ள படத்தை எடுத்து டிவியில் காட்டும். வீட்டுக் கணினியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ சேமித்து வைத்திருக்கும் படத்தையும் அதே வழியில் எடுத்துக் காட்டும். இணையம், வீட்டுச் சேமிப்பு ஆகிய இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு பெட்டியை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியும். பார்த்த பிறகுதான் விற்கவும் வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவே.

விலை வித்தியாசம் போன பிறகு

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நிர்வாகம் மாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த ஊர் நம்முடையது. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாம். இந்த அமைப்பால் நமக்குப் பல தொல்லைகள் இருந்தாலும், வியாபாரத்தில் ஒரு வசதி இருந்தது. விற்பனை வரி வித்தியாசம் காரணமாக டிவி, பிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர் போன்ற சரக்குகளை நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்து மக்கள் நம் ஊருக்கு வந்து வாங்கிப் போனார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222 மட்டுமே. இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை கடைகள் பிழைத்ததற்கு வெளியூர் வாடிக்கையாளர்கள் ஒரு முக்கியக் காரணம்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. வாஞ்சூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரி என்றாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய அளவு டிவிகளுக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 18 சதவீதம் நாகப்பட்டினத்திலும் 18, சென்னையிலும் 18. போதாக்குறைக்கு ஆன்லைன் நிறுவனங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கின்றன. விலையைக் காட்டி வாடிக்கையாளரை இழுத்த காலம் முடிந்துவிட்டது என்பதை நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

அப்படியானால் ஒருவர் மெனக்கெட்டு பாரதியார் சாலைக்கு வந்து நம் கடைப் படியேறுவதற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? ஒன்றுதான். "அண்ணே, எது நல்லாருக்கும்? சொல்லுங்க, எடுத்துக்கிறேன்" என்று கேட்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில்தான் இன்று நம்மிடமுள்ள முதல் தரமான சரக்கு. அதைக் கெடுத்துக்கொண்டால் வேறு சரக்கு நம்மிடம் கிடையாது.

நம் ஊர்க் கூடத்தில் வந்து போன பெட்டிகள்

வெளியிலிருந்து வரும் படத்தைக் கூடத்துக்குக் கொண்டுவருவதில் டெல்டா கடற்கரை மக்கள் என்றும் முன்னால் நின்றவர்கள். 1982ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், உயரமான ஆன்டெனா நட்டு அதைப் பிடித்துப் பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் வீடியோ டெக் கொண்டுவந்தார்கள். ஓர் இரவு வாடகைக்கு டெக்கும் டிவியும் எடுத்து மூன்று படம் தொடர்ச்சியாகப் போட்டுப் பார்த்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு வி.சி.டி., அதன் பிறகு டி.வி.டி.

அந்த டி.வி.டி. காலத்தில் திருட்டுத் தட்டுகள் மூலைக்கு மூலை விற்றன. 2007ல் மோசர் பேர் நிறுவனம் அசல் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொடுத்தபோது, அதே மக்கள் அசலை வாங்கினார்கள். சரியான விலையில், சரியான பொருளை, நம்பிக்கையான கடையில் கொடுத்தால் மக்கள் திருட்டுச் சரக்கைத் தேடிப் போவதில்லை என்பதற்கு அது கண்கூடான சாட்சி. இதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய பெட்டிக்கு வருவோம்.

கூகுளின் குரோம்காஸ்ட் 2013ல் வெளிவந்து 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2017ல் இங்கே விற்பனைக்கு வந்தது. ஷவோமியின் மி பாக்ஸ் 4கே 2020ல் வந்தது. இவற்றுக்கு நடுவே, உற்பத்தியாளர் பெயரோ இறக்குமதியாளர் முகவரியோ இல்லாத பெட்டிகளும் மொத்தச் சந்தைகளில் இறங்கிவிட்டன. "வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது, எல்லாப் படமும் இலவசம்" என்று சொல்லி விற்கிறார்கள். கேட்கிறவருக்கு ஆசையாக இருக்கிறது. விற்கிறவருக்கு லாபம் கூடுதலாக நிற்கிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயரில்லாப் பெட்டி என்ன செய்யும்?

2023 ஜனவரியில் கனடாவில் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய டி95 என்ற மலிவான பெட்டியை ஆராய்ந்தார். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்குள் தீய நிரல் இருந்தது தெரியவந்தது. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற பாதுகாப்பு நிறுவனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வோ1டி என்ற நிரல் புகுந்திருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனி அரசின் தகவல் பாதுகாப்புத் துறை, பேட்பாக்ஸ் என்ற நிரல் பாதித்த சுமார் 30,000 சாதனங்களை அவற்றை இயக்கியவர்களிடமிருந்து துண்டித்தது. அவற்றில் மீடியா பிளேயர்களும் இருந்தன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதே நிரலின் அடுத்த வடிவம் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. கேள்விப்படாத பெயர், கூகுள் சான்றில்லாத ஆண்ட்ராய்டு, இலவசமாக எல்லாம் பார்க்கலாம் என்ற விளம்பரம், பாதுகாப்பு வசதியை அணைத்துவிடச் சொல்வது ஆகியவை சந்தேகத்துக்குரிய அடையாளங்கள் என்று அந்த எச்சரிக்கையில் சொல்லப்பட்டது.

இத்தகைய நிரல் புகுந்த பெட்டியால் வீட்டுக்காரருக்கு என்ன நஷ்டம்? படம் வழக்கம்போல் ஓடும், சந்தேகமே வராது. ஆனால் முகம் தெரியாத எவரோ அந்த வீட்டு இணைய இணைப்பைத் தன் முகவரி போலப் பயன்படுத்த முடியும். அவர் இணையத்தில் ஏதாவது மோசடி செய்தால், தடயம் நம் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதே வைஃபையில்தான் அவர் செல்போனில் வங்கிக் கணக்கையும் பார்க்கிறார். நம்மை நம்பி வாங்கிய பொருள் அவர் வீட்டுக் கதவை உள்ளிருந்து திறந்து விடுகிறது என்றால், அதற்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

சட்டமும் சும்மா இருக்காது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளால் வாங்கியவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால், பொறுப்பு விற்றவரைச் சேரும். பொருளை விற்பவர் மாற்றியமைத்து, அந்த மாற்றத்தால் பாதிப்பு வந்தாலும் அப்படியே. கடையிலேயே உட்கார்ந்து இலவசப் படச் செயலிகளை ஏற்றிக் கொடுக்கும் பழக்கமுள்ள அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே உரிமை மீறலுக்குத் துணை போவதும் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டியில் நிற்கும் சில நூறு ரூபாய்க்கு இது தகுமா என்று யோசித்துப் பாருங்கள்.

எட்டுச் சோதனைகள்

குறை சொல்வது எளிது. வழி சொல்வதுதான் உபயோகம். எந்தப் பெட்டியானாலும் விற்பனைக்கு எடுக்கும் முன் ஒரு மாதிரி வாங்கி, கீழ்க்கண்ட எட்டுச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம். இதற்கு இஞ்சினியர் தேவையில்லை. கடையில் ஒரு டிவி, ஒரு வைஃபை இணைப்பு, ஒரு பென் டிரைவ், அரை நாள் பொறுமை போதும்.

முதலாவது, அட்டைப்பெட்டி. இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரான நாடு, புகார் சொல்லும் எண் எல்லாம் அச்சாகியிருக்கின்றனவா? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா? செட் டாப் பாக்ஸுக்கும் அடாப்டருக்கும் கட்டாயப் பதிவு உண்டு. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். கூகுள் மென்பொருளில் ஓடும் பெட்டியானால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் சான்று பெற்ற சாதனம் என்று காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தோற்ற பெட்டிக்கு மற்ற ஏழு சோதனைகள் தேவையே இல்லை.

இரண்டாவது, கட்டணப் படங்களின் தெளிவு. அட்டையில் 4கே என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆனால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள், வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புத் தரம் இல்லாத ஆண்ட்ராய்டு பெட்டிக்குத் தெளிவான படத்தை அனுப்புவதில்லை, பழைய டி.வி.டி. அளவுக்குத்தான் கொடுக்கும். பெரிய டிவி வாங்கி, சந்தாவும் கட்டி, மங்கலான படம் பார்க்கும் வாடிக்கையாளர் டிவியைத்தான் குறை சொல்வார். ஆகவே கடையிலேயே நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோ ஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் ஆகியவற்றைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, கல்யாண வீடியோ சோதனை. இதை நம் ஊருக்கென்றே சேர்த்திருக்கிறேன். பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உறவினர் இல்லாத தெரு காரைக்காலில் குறைவு. கல்யாணம், நிக்காஹ், ஞானஸ்நானம் என்று ஒவ்வொரு வீட்டிலும் வீடியோ இருக்கும், கேசட்டிலிருந்து டி.வி.டி.க்கு மாற்றி, அதையும் இப்போது ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பழைய டி.வி.டி. கோப்புகள் எம்பெக்-2 என்ற முறையில் பதிவானவை. புதிய ஸ்டிக்குகள் சிலவற்றில் கூடவே வரும் பிளேயர் அதை ஓட்டாது, வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் பெரும்பாலும் ஓடும். ஓடினாலும், ஆட்கள் நடக்கும்போது உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். புதிய செல்போனில் எடுத்த படங்கள் எச்.265 என்ற முறையில் இருக்கும். அதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஃபாட்32 முறையில் அமைத்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. வேறு முறையில் அமைத்தால் சில பெட்டிகளுக்கு அடையாளம் தெரியாது. இதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் புகார் குறையும்.

நான்காவது, வீட்டுக்குள் இணைப்பு. நம் பழைய வீடுகள் நீளமானவை, சுவர்கள் கனமானவை. ரூட்டர் வாசல் திண்ணைப் பக்கம் இருக்கும், டிவி கூடத்தில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் இளைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு நெரிசலில் சிக்கும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி முழு எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் போதும். ஆகவே 100 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவர் வீட்டில் படம் நின்று நின்று ஓடினால், குற்றம் பெரும்பாலும் சுவரிலும் ரூட்டர் இருக்கும் இடத்திலும் இருக்கும். பெட்டியில் லேன் கேபிள் செருகும் இடம் இருந்தால் ஒரு கேபிள் இழுத்துத் தீர்த்துவிடலாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: முழு எச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை தின்னும், தினம் 2 ஜி.பி. திட்டம் வைத்திருந்தால் இடைவேளை வருவதற்குள் தீர்ந்துவிடும்.

ஐந்தாவது, தமிழ். கோப்பின் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் ஒழுங்காகக் காட்டுகிறதா, கட்டம் கட்டமாகக் காட்டுகிறதா? கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகின்றனவா? தமிழில் பேசித் தேடினால் புரிந்துகொள்கிறதா?

ஆறாவது, ரிமோட். பெட்டியைக் கேட்டு வருபவர் பிள்ளையாக இருக்கலாம். தினமும் கையாளப் போவது தாத்தாவும் பாட்டியும். எழுத்து தெரியாதவருக்கும் பொத்தான் புரிய வேண்டும். ஒரே ரிமோட்டில் டிவியையும் பெட்டியையும் அணைக்க முடிந்தால் மிகவும் நல்லது. உதிரி ரிமோட் கிடைக்குமா என்றும் மொத்த வியாபாரியிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழாவது, மின்சாரம். பலர் ஸ்டிக்கின் வயரை டிவியின் பின்பக்க யு.எஸ்.பி.யிலேயே செருகிவிடுகிறார்கள். பல டிவிகளில் அந்த இடத்தில் போதுமான மின்சாரம் வருவதில்லை. பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எழும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினால் தீர்ந்தது. கடையில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து படம் ஓட்டி, பெட்டி எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பார்ப்பதும் அவசியம்.

எட்டாவது, ஆயுள். இந்தப் பெட்டி மிக்சி மாதிரி தனியாக உழைக்கும் பொருள் கிடையாது; எங்கோ இருக்கும் நிறுவனத்தின் தயவில் ஓடுவது. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய முறையை நிறுத்தியபோது, 2012க்கு முந்தைய பல ஸ்மார்ட் டிவிகளில் யூடியூப் நின்றுபோனது. 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளிலும் ரோக்கு பெட்டிகளிலும் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. 2024ல் கூகுள் குரோம்காஸ்ட் உற்பத்தியையே நிறுத்தியது. 2025 மார்ச்சில், இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. சில நாட்களில் நிறுவனமே திருத்தம் அனுப்பி எழுப்பியது. பெரிய நிறுவனம் என்பதால் எழுந்தது. பெயரில்லாப் பெட்டி படுத்தால் திருத்தம் அனுப்ப யார் இருக்கிறார்கள்? ஆகவே மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்று கேட்காமல் கொள்முதல் செய்யக் கூடாது.

வேண்டாம் என்று சொல்வதும் வியாபாரமே

இந்த எட்டிலும் தேறிய பெட்டியாக இருந்தாலும், கேட்ட எல்லோருக்கும் அதைக் கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் வாங்கிய ஸ்மார்ட் டிவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அவருக்குத் தனிப் பெட்டி தேவைப்படாது. பென் டிரைவில் கல்யாண வீடியோ மட்டும் பார்க்க வேண்டும் என்பவருக்கு டிவியின் யு.எஸ்.பி.யே போதும். ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கிய டிவி மெதுவாகிவிட்டது, படம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றால், அவருக்கு ஸ்டிக் நல்ல மருந்து. புது டிவி வாங்கும் செலவு மிச்சம். எச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய பிக்சர் டியூப் டிவி என்றால் தனியாக மாற்றுக் கருவி வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரான்சிலிருந்து உறவினர் வாங்கி வந்த பெட்டி என்றால், அதில் பதிவான நாட்டை மாற்றாமல் இங்குள்ள செயலிகள் சரியாக வராது என்றும், வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும் என்றும் விளக்க வேண்டும்.

"உங்களுக்கு இது தேவையில்லை" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அன்றைக்கு ஒரு பில் குறையும். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த டிவியை வேறு கடையில் வாங்க மாட்டார். இது நம் முன்னோர் கல்லாவில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்த பாடம்.

"நாம் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார்"

இந்த வாதத்தைப் பல அன்பர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் பெற்ற ஸ்டிக்குகளில் நமக்கு நிற்கும் லாபம் மிகச் சொற்பம். ஆன்லைனில் தள்ளுபடி நாட்களில் நம் கொள்முதல் விலைக்கும் கீழே போய்விடுவதுண்டு. பெயரில்லாப் பெட்டியில்தான் கை நிறைய நிற்கிறது. கடை வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம் எல்லாம் லாபத்திலிருந்துதான் போக வேண்டும். இதை உணராமல் வெறும் நீதி பேசுவதற்கு நான் வரவில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 ரூபாய்க்கு வாங்கிய பெட்டியில் 600 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து விற்றால் 6,000 ரூபாய். அதில் மூன்று பெட்டி பழுதாகித் திரும்பி வந்து, மொத்த வியாபாரி கையை விரித்தால், மாற்றிக் கொடுத்த வகையில் 4,500 ரூபாய் போயிற்று. மீதி 1,500. அதில் நம் பையன் வீடு வீடாகப் போய் வந்த பெட்ரோலைக் கழியுங்கள். மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் பணம் மிஞ்சும். வாடிக்கையாளர் மிஞ்ச மாட்டார். சின்ன ஊர் இது. நேரு மார்க்கெட்டில் காலையில் பேசிய பேச்சு மாலைக்குள் திருநள்ளாறு வரை போய்விடும்.

லாபத்தைப் பொருளில் தேடுவதை விட்டு வேலையில் தேட வேண்டும் என்பதே என் யோசனை. பெட்டியை வீட்டில் பொருத்தி, ரூட்டரைச் சரியான இடத்துக்கு மாற்றி, தேவையானால் லேன் கேபிள் இழுத்து, பெரியவர்களுக்கு ரிமோட் பழக்கிக் கொடுப்பதற்கு ஒரு கட்டணம் வைத்துப் பில்லிலேயே போடலாம். பழைய கேசட்டுகளையும் டி.வி.டி.களையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுக்கலாம். கேசட்டில் நாள்பட நாள்படப் பூஞ்சை பிடிக்கும், நம் கடற்காற்றில் சீக்கிரமே பிடிக்கும். வீட்டுக் கணினியில் அந்தப் படங்களை வைத்து டிவியில் பார்க்கும்படி ஜெல்லிஃபின், பிளெக்ஸ், கோடி போன்ற மென்பொருளை அமைத்துக் கொடுக்கலாம். இவை சட்டப்படி செல்லுபடியானவை. திருட்டுப் படங்களுக்கு வழி காட்டும் துணைச் செயலிகளை அவற்றில் ஏற்றுவதுதான் தவறு. இந்த வேலைகள் எதையும் ஆன்லைன் நிறுவனம் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. ஆன்லைனில் வாங்கியவரும் இவற்றுக்காக நம்மிடம்தான் வந்தாக வேண்டும். அவரிடம் முகம் சுளிக்காமல் வேலை செய்து கொடுத்துக் கூலி வாங்குவோம்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்

ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாடலையும் வாங்கிச் சோதிப்பது நடக்காத காரியம். ஆகவே நம் சங்கம் முன்வர வேண்டும்.

ஒன்று, சங்க அலுவலகத்தில் ஒரு சோதனை மேசை போட வேண்டும். ஒரு டிவி, ஒரு ரூட்டர், பலவகைக் கோப்புகள் அடங்கிய ஒரு பென் டிரைவ் போதும். புதிய மாடல் வந்தால் ஒருவர் கொண்டுவந்து வைக்க, மூன்று நான்கு உறுப்பினர்கள் சேர்ந்து ஓட்டிப் பார்த்து முடிவை நம் இதழில் வெளியிடலாம். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அந்த மாடலின் டீலராக இருப்பவர் அன்றைய சோதனையில் உட்காரக் கூடாது.

இரண்டு, மேற்சொன்ன எட்டு விஷயங்களையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, உறுப்பினர் கடைகளில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் வந்தால் நாமும் கவனமாக இருப்போம்.

மூன்று, இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத பெட்டியை உறுப்பினர்கள் யாரும் கொள்முதல் செய்வதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். கையிலுள்ள இருப்பைத் திருப்பி அனுப்ப மொத்த வியாபாரிகளிடம் சங்கமே பேச வேண்டும். தனியாகப் பேசினால் கேட்க மாட்டார்கள், சேர்ந்து பேசினால் கேட்பார்கள். தீபாவளிக் கொள்முதலுக்கு முன்பே இது நடந்தால் பலன் உண்டு.

வரி வித்தியாசம் நமக்குச் சரித்திரம் கொடுத்த சலுகை. அது வந்த வழியே போய்விட்டது. "காரைக்கால் கடையில் வாங்கினேன், சோதித்துத்தான் கொடுத்தார்கள்" என்ற பெயரை யாரும் நமக்குச் சலுகையாகக் கொடுக்க மாட்டார்கள். நாம்தான் சம்பாதிக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்குமாறு நிர்வாகிகளையும் உறுப்பினர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இதழில் எழுதட்டும், வரவேற்கிறேன்.

- மின்னணுப் பொருள் விற்பனைப் பிரிவு உறுப்பினர் ஒருவர், காரைக்கால்